மூர்வெளியில் சக்கரத் தடம்: நிலமும் சட்டமும்

இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில், ஈடேல் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே ஹேஃபீல்டுக்கு ஒரு பழைய வழி போகிறது. ஒரு காலத்தில் சரக்கேற்றிய குதிரைகள் வரிசை வரிசையாகச் சென்ற வழி. மலைச்சரிவில் ஏறும் இடத்துக்கு ஜேக்கப்ஸ் லேடர் என்று பெயர். ஜேக்கப் மார்ஷல் என்ற குடியானவர் தன் குதிரையை வளைந்து வளைந்து ஏறும் வழியில் விட்டுவிட்டு, தான் மட்டும் நேரே ஏறப் படி வெட்டிக்கொண்டார் என்பது ஊர் வழக்கு. இன்றும் நடப்பவர்கள் படியேறுகிறார்கள். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குதிரை போன வளைவில் ஏறுகிறார்கள். உச்சிக்குப் போனதும் வழி பிரிகிறது. நேரே ஹேஃபீல்டுக்குப் போகலாம், சைக்கிளுக்கு உரிமை உண்டு. வலப்பக்கம் கிண்டர் ஸ்கவுட் மேட்டுக்கு ஏறும் பென்னைன் வே தடத்தில் உரிமை இல்லை. இரண்டும் ஒரே மலை. இரண்டிலும் பெய்வது ஒரே மழை. ஒன்றில் ஓட்டலாம், மற்றதில் கூடாது என்பது எப்படி முடிவாயிற்று? பிரிட்டனின் மூர்வெளிகளில் மலைச் சைக்கிள் பற்றி நடக்கும் எல்லா வழக்குகளும் சச்சரவுகளும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மூர் என்பது மரமில்லாத மேட்டுநிலம். ஹெதர் புதர், பருத்திப்புல், ஸ்பேக்னம் பாசி, இடையிடையே கரடுமுரடான மணற்கல் பாறை. ஆகஸ்டில் ஹெதர் பூக்கும்போது மலை முழுதும் ஊதா நிறம். மற்ற மாதங்களில் பழுப்பும் கறுப்பும். அடியில் இருப்பது பீட் மண். நீர் தேங்கிய இடத்தில் பாசி மக்காமல் மேலே மேலே படிந்து உருவாகும் கறுப்பு மண் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் ஆண்டு ஆகும். நம் நீலகிரியின் புல்வெளிப் பள்ளங்களிலும் இந்த மண் உண்டு. அதைத் தோண்டி ஆராய்ந்துதான் சுகுமார் குழுவினர் ஏறத்தாழ 20,000 ஆண்டுக் காலநிலை வரலாற்றை 1993-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆனால் மலையையே போர்த்தியதுபோல் பரந்து கிடக்கும் போர்வைச் சதுப்பு உலகிலேயே அரிது. அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பிரிட்டனில் இருக்கிறது. அந்நாட்டின் பீட் நிலங்களில் சுமார் 300 கோடி டன் கரிமம் அடங்கிக் கிடக்கிறது என்பது கணக்கு.

பீக் மாவட்டத்தின் வடபாதியான டார்க் பீக், மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையில் கிடக்கிறது. அதுவே அதற்குக் கேடாகவும் முடிந்தது. தொழிற்புரட்சிக் காலம் முதல் ஆலைப் புகையின் அமிலம் மழையோடு இறங்கி ஸ்பேக்னம் பாசியைக் கொன்றது. பாசி போன இடத்தில் பீட் வெறுமையாயிற்று. ஆட்டு மந்தையின் மேய்ச்சல், காட்டுத்தீ, உறைபனி, காற்று எல்லாமாகச் சேர்ந்து அதை அரித்தன. இன்று கிண்டர் மேட்டில் ஆள் மறையும் ஆழத்துக்குக் கறுப்புச் சுவர்களோடு வெட்டுக்கால்கள் ஓடுவதைக் காணலாம். இந்த நிலத்தைப் பேசும்போது இந்தப் பழைய காயத்தை மறந்துவிடக் கூடாது. சைக்கிள் சக்கரம் அங்கே வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே மலை புண்பட்டிருந்தது.

சக்கரம் வந்ததும் நாம் நினைப்பதைவிட முன்னால்தான். மலைச் சைக்கிளின் பிறப்பிடம் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி என்பார்கள். 1976-ல் அங்கே ரீபேக் பந்தயங்கள் தொடங்கின, 1981-ல் ஸ்டம்ப்ஜம்பர் சைக்கிள் கடைக்கு வந்தது. இந்த வரலாறு உண்மை. ஆனால் மூர்வெளியைச் சைக்கிளில் கடக்கும் ஆசை அதற்கு அறுபது ஆண்டு மூத்தது. 1919 மார்ச்சில் டபிள்யூ. எம். ராபின்சன் என்பவர் நண்பர்களோடு வேல்ஸின் பெர்வின் மலைமேட்டைப் பனிக்குள் சைக்கிளை உருட்டியும் தூக்கியும் கடந்தார். ‘வேஃபேரர்’ என்ற புனைபெயரில் அந்தப் பயணத்தை சைக்ளிங் இதழில் எழுதினார். அதைப் படித்த ஒரு தலைமுறை தார்ச்சாலையை விட்டு விலகி மலைக்கு ஏறியது. 1955-ல் அந்த வழியில் வந்தவர்கள் லெம்ஸ்டர் ஊரில் கூடி ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்ற சங்கம் தொடங்கினார்கள். கரட்டு நிலத்தில் சைக்கிள் ஓட்டுவதற்கென்று உலகில் எழுந்த முதல் சங்கம் அதுதான். பெர்வின் கணவாயில் ராபின்சனுக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே ஒரு குறிப்பேடு. கடந்து போகிறவர்கள் பெயரெழுதிவிட்டுப் போகிறார்கள். மூர்வெளிச் சைக்கிள் என்பது விளையாட்டுப் பொருள் விற்கும் கம்பெனிகள் புதிதாகக் கிளப்பிய மோகம் என்று பேசுகிறவர்கள் அந்தக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

இனி சட்டம். இந்த இடத்தில் சற்று நிதானமாகப் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிக்கலின் முடிச்சு இங்கேதான்.

1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் தொழிலாளர் இளைஞர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட்டில் தடையை மீறி ஏறினார்கள். வேட்டைப் பறவைக்காக நிலவுடைமையாளர்கள் மலையைப் பூட்டிவைத்திருந்த காலம். ஐந்து பேர் சிறை சென்றார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு நான்கு மாதத் தண்டனை. அந்தப் போராட்டத்தின் அலையில்தான் 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951-ல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1949 சட்டம் இன்னொன்றையும் செய்தது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுதும் உள்ள பொதுவழிகளைக் கணக்கெடுத்து, சட்ட வலுவுள்ள வரைபடத்தில் பதியச் சொன்னது. ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் நடந்து பார்த்து, இது நடைவழி, இது குதிரைவழி என்று வகைபிரித்து எழுதியது. ஓரூர் அக்கறையோடு செய்தது, அடுத்த ஊர் ஏனோதானோவென்று செய்தது. அதனால் மூர்வெளியின் நடுவே ஊர் எல்லையில் குதிரைவழி திடீரென்று நடைவழியாக மாறும் விந்தைகள் இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. நூற்றாண்டுகளாகச் சுமைக்குதிரை போன வழி வெறும் நடைவழியாகப் பதிவாகியிருப்பதும் உண்டு.

1968-ல் வந்த நாட்டுப்புறச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, குதிரைவழிகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைக் கொடுத்தது. நடப்பவர்க்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. சைக்கிளுக்காக அந்த வழியைச் செப்பமாக வைக்கும் கடமை உள்ளாட்சிக்கு இல்லை என்றும் அதே பிரிவு எழுதிவைத்தது. உரிமையைக் கொடுத்த கையே பொறுப்பை எடுத்துக்கொண்டது. மலைச் சைக்கிள் பிறப்பதற்கு முன்பே எழுதிய பிரிவு இது. இன்று பல்லாயிரம் பேர் ஓட்டுவதற்கு ஆதாரம் இந்தச் சில வரிகள்தான். இங்கிலாந்தின் பொதுவழிகளில் சைக்கிளுக்கு உரிமையுள்ளவை ஏறத்தாழ 22 சதவீதம்.

2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மூர், பொதுநிலம் ஆகியவற்றில் தடம் பாராமல் எங்கும் நடக்கும் உரிமையைத் தந்தது. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதம் இதில் அடங்கும். 1932-ல் சிறை போனவர்களின் கனவு பெரும்பகுதி நிறைவேறிய நாள் அது. ஆனால் சைக்கிளையும் குதிரையையும் அந்த உரிமையிலிருந்து விலக்கினார்கள். மூர்வெளியின் குறுக்கே எங்கும் சக்கரம் உருள அனுமதிக்காததில் தவறில்லை. பீட் மண்ணை அறிந்த எவரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள். தவறு வேறிடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் தடங்களில் எது சக்கரத்தைத் தாங்கும், எது தாங்காது என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஐம்பதுகளில் ஓர் ஊராட்சி எழுத்தர் எந்தக் கட்டத்தில் குறியிட்டார் என்பதே இன்றும் தீர்ப்பு. கல் பாவிய உறுதியான நடைவழி மூடிக் கிடக்கிறது, இடுப்பளவு சேறுள்ள குதிரைவழி திறந்து கிடக்கிறது.

சரி, சக்கரம் உண்மையில் எவ்வளவு கெடுதி செய்கிறது? இதில் இரு தரப்பும் ஆய்வுகளை அள்ளி வீசுகின்றன. 1994-ல் வில்சன், செனி இருவரும் மொன்டானாவில் நடத்திய ஆய்வில், நனைத்த தடத்தில் அதிக மண்ணைக் கிளப்பியது குதிரைக் குளம்பும் மனிதக் காலும்தான், சக்கரம் அல்ல என்று கண்டார்கள். 2001-ல் தர்ஸ்டன், ரீடர் இருவரும் கனடாவின் ஒன்டாரியோ காட்டில் ஒரே எண்ணிக்கையில் நடந்தும் ஓட்டியும் பார்த்ததில், செடிக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட சேதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றார்கள். சைக்கிள்காரர்கள் இவ்விரண்டையும் மேற்கோள் காட்டாத கூட்டம் இல்லை. நல்ல ஆய்வுகள்தான். ஆனால் மொன்டானாவின் மலைத்தடமும் ஒன்டாரியோவின் இலையுதிர் காடும் பீட் சதுப்பு அல்ல. அங்கே கிடைத்த முடிவை இங்கே அப்படியே பொருத்துவது நேர்மையாகாது.

பீட் மண்ணில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் புரியும். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு வரை தண்ணீர். மேலே பாசியும் வேரும் பின்னிய ஒரு தோல்தான் எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கிறது. நடப்பவரின் காலணி அந்தத் தோலைக் குத்திக் குழி போடும். குழிகள் தனித்தனியே நிற்பதால் நீர் அங்கங்கே தேங்கும். சக்கரம் விடாமல் ஒரு கோடு இழுக்கும். சமதளத்தில் அந்தக் கோட்டினால் பெரிய கெடுதி இல்லை. சரிவை நோக்கி இழுத்த கோட்டில் அடுத்த மழைத்தண்ணீர் ஓடும்; பின்பிரேக்கை இறுக்கிச் சறுக்கிக்கொண்டே இறங்கியிருந்தால் தோல் முழுதும் உரிந்திருக்கும். ஒரு குளிர்காலத்தில் அது வாய்க்காலாகிவிடும். பிறகு வருகிறவர்கள், நடப்பவரானாலும் ஓட்டுபவரானாலும், சேற்றைத் தவிர்க்க ஓரத்தில் ஏறுகிறார்கள். ஒரு முழத் தடம் சில ஆண்டுகளில் இருபது அடிக்கு விரிகிறது. இந்த விரிவுதான் மூர்வெளியின் பெரும் நோய். அதற்குக் காரணம் கால் என்றும் சக்கரம் என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே தண்ணீருக்கு வடிகால் இல்லை என்பதுதான் காரணம்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிக வலுவான சான்று சைக்கிளைப் பற்றிய ஆய்விலிருந்து வரவில்லை, ஒரு பறவையைப் பற்றியதிலிருந்து வருகிறது. பென்னைன் வே 1965-ல் திறந்தது, 431 கிலோமீட்டர் நீளம். எண்பதுகளுக்குள் டார்க் பீக்கில் அந்தத் தடம் கறுப்புக் குழம்பாகிவிட்டது. தொண்ணூறுகளில் மூடிய பஞ்சாலைகளின் தளத்திலிருந்து பெயர்த்த பெரிய கற்பலகைகளை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு வந்து பீட் மேல் மிதக்கவிட்டுப் பாவினார்கள். பியர்ஸ்-ஹிகின்ஸ், யால்டன் முதலான ஆய்வாளர்கள் அங்கே கூடுகட்டும் கோல்டன் ப்ளோவர் பறவையைக் கற்பலகைக்கு முன்னும் பின்னும் கவனித்தார்கள். முன்பு நடந்தவர்களில் 30 சதவீதத்துக்கும் மேலானவர்கள் தடத்தை விட்டு விலகினார்கள். குஞ்சு வளர்க்கும் பறவைகள் தடத்திலிருந்து 200 மீட்டர் வரை ஒதுங்கின. கல் பாவிய பின் விலகியவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. பறவைகள் ஒதுங்கியது, அதுவும் கூட்டமுள்ள வார இறுதிகளில், 50 மீட்டர் அளவுக்குத்தான். வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்ததால் கிடைத்த பலன் அல்ல இது. கால் வைக்க உறுதியான இடம் கிடைத்ததும் மனிதர்கள் தாமாகவே அதில் நின்றார்கள். சைக்கிளுக்கும் இதே பாடம் பொருந்தும் என்பது என் கருத்து. நல்ல தடம் இருந்தால் சக்கரம் அதை விட்டு விலகாது.

டார்க் பீக்கின் பிளாக் ஹில் உச்சியைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நம்பிக்கை வரும். ஒரு காலத்தில் புல் முளைக்காத கறுப்புப் பாழ். 2003-ல் தொடங்கிய ‘மூர்ஸ் ஃபார் த ஃப்யூச்சர்’ கூட்டமைப்பும் பிறரும் வெட்டிய ஹெதரைப் பரப்பி, சுண்ணாம்பு தூவி, புல் விதைத்து, வெட்டுக்கால்களில் சிறு அணை கட்டி, ஸ்பேக்னம் நட்டு டார்க் பீக் மூர்களை மீட்டு வருகிறார்கள். இன்று அந்த உச்சி பச்சை.

ஆனால் எல்லாத் தடத்திலும் கல்லைக் கொட்டுவது தீர்வாகாது. ரஷப் எட்ஜில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஈடேலுக்குத் தெற்கே உள்ள அந்தக் குதிரைவழி, மண்ணெல்லாம் எப்போதோ அரித்துப்போய், இயற்கைப் பாறைப் படிகளாக வெளிப்பட்ட தடம். ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சவாலும் மகிழ்ச்சியும் தருவது. 2014-ல் டார்பிஷயர் மாவட்ட மன்றம் அந்தப் படிகளின் மேல் சல்லி கொட்டிச் சமன்செய்யத் தொடங்கியது. சைக்கிள் குழுக்கள், குதிரை ஓட்டுபவர்கள், பிரிட்டிஷ் மலையேறிகள் மன்றம் எல்லோரும் சேர்ந்தே எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. பாறை அரிக்காது, அங்கே காப்பாற்ற மண் மீதமில்லை. கொட்டிய சல்லியோ அடுத்த பெருமழைக்கு உருண்டு போகக்கூடியது.

அதே மக்கள் கட் கேட்டில் நேர்மாறான காரியம் செய்தார்கள். லாங்செட்டிலிருந்து டெர்வென்ட் பள்ளத்தாக்குக்கு மூர்வெளியின் முதுகில் செல்லும் இந்தக் குதிரைவழியைப் பிரிட்டனின் மிகச் சிறந்த மூர்வெளித் தடம் என்று பலர் சொல்கிறார்கள். டெர்வென்ட் விவசாயிகள் பெனிஸ்டன் சந்தைக்குக் கால்நடை ஓட்டிப்போன வழி. அது இறங்கும் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸில் ஒரு கல்பாலம் உண்டு. டெர்வென்ட் கிராமம் லேடிபவர் நீர்த்தேக்கத்தில் மூழ்கியபோது அங்கிருந்த பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்துப் பிறகு இங்கே கட்டினார்கள். இந்தத் தடத்தின் நடுவே மிக்கிள்டன் எட்ஜில் ஒரு சதுப்பு. முன்சக்கரம் இறங்கினால் அச்சு வரை போய்விடும், குதிரைகளே சிக்கிக்கொண்டதுண்டு. உரிமையோ எல்லோருக்கும் உண்டு, செப்பனிடத்தான் ஆளில்லை. 2018-ல் மலையேறிகள் மன்றத்தின் ‘மெண்ட் அவர் மவுண்டன்ஸ்’ நிதித் திரட்டலில் கட் கேட்டும் சேர்ந்தது. வட்டாரச் சைக்கிள் குழுக்கள் முன்னின்று பணம் திரட்டின, பிறகு சதுப்பில் வேலையும் நடந்தது. ரஷப் எட்ஜில் கல் வேண்டாம் என்றதும் கட் கேட்டில் கல் வேண்டும் என்றதும் முரண்பாடல்ல. இரண்டிலும் அவர்கள் நிலத்தைப் பார்த்துப் பேசினார்கள். அரசும் உள்ளாட்சியும் கற்க வேண்டிய முறை அது.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை, நடப்பவர்க்கும் குதிரைக்கும் சைக்கிளுக்கும் ஏறத்தாழ எல்லா நிலத்திலும் ஒரே உரிமையைத் தந்தது. உரிமையோடு ஒரு நடத்தை நெறியும் வந்தது. உறுதியான தடத்தில் சைக்கிளால் சிக்கல் குறைவு. தடம் விட்டு ஓட்டினால், முக்கியமாகக் குளிர்காலத்தில், ஈரமான சதுப்பையும் மென்மண்ணையும் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. இங்கே கேள்வி ‘உன் வண்டி என்ன?’ என்பதிலிருந்து ‘நீ என்ன செய்கிறாய், எந்த மண்ணில்?’ என்பதற்கு மாறிவிட்டது. மலைகள் சக்கரத்தால் அழிந்துவிடவில்லை. 1731-ல் ஜெனரல் வேட் போட்ட கோரியாரக் கணவாய்ச் சாலை இன்றும் சைக்கிள்காரர்களைச் சுமக்கிறது. மூர்வெளியில் அங்கே கண்ணை உறுத்துவது, வேட்டைக்காரர்களின் ஜீப்புகளுக்காகப் புல்டோசர் வைத்து வெட்டிய அகன்ற மண்சாலைகள்தான். அவற்றோடு ஒப்பிட்டால் இரண்டரை அங்குல டயரின் பாவம் சிறிது.

இங்கிலாந்திலும் நல்லது நடக்காமல் இல்லை. மேரி டவுன்லி என்ற பெண்மணி 1986-ல் ஹெக்ஸாமிலிருந்து ஆஷ்போர்ன் வரை குதிரையில் வந்து, குதிரைக்கும் சைக்கிளுக்கும் ஒரு நெடுந்தடம் வேண்டும் என்று உணர்த்தினார். அந்த முயற்சி வளர்ந்து பென்னைன் பிரைடில்வே ஆயிற்று. 330 கிலோமீட்டர், 2012-ல் முழுமை பெற்றது. அதில் 76 கிலோமீட்டர் வட்டம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 2019-ல் சைக்ளிங் யூகே அமைப்பு அதையும் பழைய கால்நடை வழிகளையும் இணைத்து, பீக் மாவட்டத்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடி வரை சுமார் 1,290 கிலோமீட்டருக்கு கிரேட் நார்த் டிரெயில் வகுத்தது. மின்சார உதவிச் சைக்கிள்களுக்கும் இவற்றில் தடையில்லை. 250 வாட், மணிக்கு 15.5 மைல் வரம்புக்குள் இருந்தால் சட்டப்படி அவையும் சைக்கிள்தான். முன்பு மூச்சு வாங்கித் திரும்பியவர்கள் இனி மேட்டுக்கு வருவார்கள், ஆகவே தடங்களின் மேல் சுமை கூடவே செய்யும்.

பழைய வழிகளை வரைபடத்தில் சேர்க்க 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 தொடக்கத்தைக் கெடுவாக வைத்தது. பிறகு அது 2031-க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் பழைய ஆவணத்தைத் தோண்டி, இங்கே 1790-ல் குதிரை போனது என்று நிரூபித்தால்தான் இன்று சைக்கிள் போகலாம் என்ற ஏற்பாடே மாற வேண்டும். மூர்வெளித் தடங்களை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, பாறையும் கல்லும் உள்ளவற்றைத் திறந்துவிட வேண்டும், சதுப்பானவற்றைச் செப்பனிடும் வரை எல்லோருக்கும் மூட வேண்டும். உரிமையோடு பராமரிக்கும் கடமையையும் 30-ஆம் பிரிவில் எழுத வேண்டும்.

பிரிட்டனில் வாழும் தமிழர்கள் யாரேனும் இதைப் படித்துவிட்டு மூருக்குப் போக நினைத்தால், ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல் 1 என்ற டார்க் பீக் வரைபடத்தை வாங்குங்கள். அதில் நீண்ட பச்சைக் கோடுகள் குதிரைவழி, குறுகிய பச்சைக் கோடுகள் நடைவழி. தேங்கிய நீரைச் சுற்றிப் போகாமல் அதன் ஊடே ஓட்டுங்கள். சரிவில் பின்சக்கரத்தைப் பூட்டாதீர்கள். நடப்பவரைக் கண்டால் நின்று வழிவிடுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து மழை பெய்திருந்தால் கட் கேட்டுக்குப் போகாதீர்கள். உறைபனி இறுகிய நாளோ, வறண்ட மே மாதமோ வரும் வரை பொறுத்திருங்கள்.